மொழிபெயர்க்க நீங்கள் வேண்டாம்

அன்புள்ள அக்கா,
அம்மாவுக்கு 81 வயது. மறதி முற்றி, இரவில் கதவைத் திறந்துகொண்டு தெருவுக்குப் போகிறா. கெயார் ஹோமில் விடத்தான் வேண்டும் போலிருக்கிறது. அடுத்த கிழமை சோஷல் வேர்க்கர் வருகிறார். அம்மாவின் வீட்டை இப்போதே என் பெயருக்கு மாற்றினால், ஏழு வருடத்துக்குப் பிறகு கவுன்சில் கைவைக்காது என்கிறார்கள். உண்மையா? சொந்தங்களும் கதைக்கத் தொடங்கிவிட்டார்கள்.
வாசகி, லண்டன்

அன்புத் தங்கச்சி,

கதைப்பவர்களில் ஒருவர்கூட இரவு இரண்டு மணிக்கு அம்மாவைத் தேடித் தெருவில் இறங்கப்போவதில்லை. விடுங்கள்.

வீட்டை மாற்றாதீர்கள். ஏழு வருடக் கணக்கு வாரிசு வரிக்கு உரியது. பராமரிப்புக் கட்டணத்துக்கு அப்படிக் கால எல்லை கிடையாது. கட்டணத்துக்குப் பயந்து மாற்றியதாகக் கண்டால், வீடு இன்னும் அம்மாவிடம் இருப்பதாகவே கவுன்சில் கணக்குப் பார்க்கும். இங்கிலாந்தில் வரம்பு 23,250 பவுண்; சொத்தும் சேமிப்பும் அதற்கு மேல் இருந்தால் கட்டணம் முழுவதையும் அம்மாவே கட்டவேண்டும். மற்றச் சேமிப்பு அதற்குள் இருந்தால், ஹோமில் நிரந்தரமாகச் சேர்ந்த முதல் 12 கிழமைக்கு வீட்டைச் சேர்க்கமாட்டார்கள். பிறகும் உடனே விற்கத் தேவையில்லை. கட்டணத்தை வீட்டின்மேல் கடனாக நிறுத்திவைக்கக் கேட்கலாம். வீட்டுக் கதை இவ்வளவுதான்.

அந்த அடுத்த கிழமையைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு நித்திரை வராமல் செய்தது அதுதான்.

என் அம்மாவைப் பார்க்க சோஷல் வேர்க்கர் வந்த அன்று, அவ விடியவே தலையிழுத்து, கோயிலுக்குக் கட்டும் சேலையோடு கதிரையில் நிமிர்ந்து இருந்தா. சமைப்பீர்களா? "ஓம்." தனியக் குளிப்பீர்களா? "ஓமோம், எனக்கென்ன குறை எண்டு சொல்லு பிள்ளை." மொழிபெயர்த்தது நான். சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கினேன். முதல்நாள் இரவு மின்சாரக் கேத்திலைத் தூக்கி காஸ் அடுப்பில் வைத்திருந்தா. அடி உருகிய கேத்தில் குசினித் தொட்டிக்குள் கிடந்தது. சோஷல் வேர்க்கர் இருந்த இடத்திலிருந்து நாலு எட்டு. அம்மாவை வைத்துக்கொண்டு அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உதவிக்குத் தகுதியில்லை என்று கடிதம் வந்தது. மூன்று மாதத்தில் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது.

நீங்கள் படித்த பிள்ளை, ஆங்கிலம் தெரியும், நானே சொல்லிவிடுவேன் என்று நினைப்பீர்கள். அந்த நினைப்பைத்தான் கண்டிக்கிறேன். தாயின் வாயாகவும் மகளாகவும் ஒரே நேரத்தில் இருக்க ஏலாது. நாளைக்கே கவுன்சிலுக்கு அடித்து, உறவில்லாத ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். அம்மா சொல்வதை அவர் சொல்லட்டும். நீங்கள் கண்டதை நீங்கள் சொல்லுங்கள். அம்மாவுக்கு முன்னால் நா எழாவிட்டால், சோஷல் வேர்க்கரோடு தனியக் கதைக்க நேரம் கேளுங்கள். பார்த்துக்கொள்ளும் உங்களுக்கும் தனியாக ஒரு மதிப்பீடு கேட்கலாம்; 2014ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டத்தில் அது இருக்கிறது.

"செய்வா" என்ற சொல்லை மட்டும் வாயில் எடுக்காதீர்கள். ஒரு வேலையைச் செய்தாலும், நோவோடு, ஆபத்தோடு, அளவுக்கு மிஞ்சிய நேரமெடுத்துச் செய்தால் அது இயலாமை என்றே சட்ட விதி கொள்கிறது. எந்த இரவு, எத்தனை மணி, எந்தச் சந்தியில் அம்மாவைக் கண்டுபிடித்தீர்கள் என்று இன்றிரவே ஒரு கொப்பியில் எழுதத் தொடங்குங்கள். சோஷல் வேர்க்கர் வரும்போது கொப்பி மேசையில் இருக்கட்டும்.