முடிக்குள் நிற்கும் காற்று

அன்புள்ள ஐயா,
துருவக் கரடியின் முடி உள்ளே குழலாக இருப்பதால், ஒளியிழை போல வெயிலைத் தோலுக்குக் கடத்துகிறது என்று படித்தேன். மைனஸ் 40 டிகிரியில் பென்குயினையும் அதன் இறகு இப்படித்தான் காப்பாற்றுகிறதா?
ம.

அன்புள்ள ம.,

முதலில் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். துருவத்தின் நடுக்குளிர்காலத்தில் சூரியன் வாரக்கணக்கில் தலைகாட்டுவதே இல்லை. வராத வெயிலை முடி எப்படிக் கடத்தும்? ஒரு நிமிடம் யோசித்திருக்கலாமே! டேனியல் கூன் என்ற இயற்பியலாளர் 1998இல் அந்த முடி வழியே ஒளியைச் செலுத்திப் பார்த்தார். ஓர் அங்குலம் கடப்பதற்குள் ஏறக்குறைய எல்லாமே அடங்கிப்போனது. இருந்தும் அந்தக் கதை இன்னும் சுற்றி வருகிறது.

பென்குயினுக்கு மேலே நெருங்கிய இறகு, அடியில் தூவி, தோலுக்குக் கீழே கொழுப்பு. அப்புறம், கூட்டமாக ஒட்டி நிற்கும் வழக்கம். அது போதும்.

முடியோ இறகோ சூடு தருவதில்லை. உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பான காற்றை நகரவிடாமல் பிடித்துவைக்கிறது, அவ்வளவுதான். குளிரில் பறவை சிலிர்த்து உப்புவதும் இன்னும் கொஞ்சம் காற்றைப் பிடிக்கத்தான். அந்த இடத்தில் தண்ணீர் புகுந்தால் ஆபத்து. நீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வெப்பத்தைக் கடத்தும்.

உங்கள் கடிதம் வந்தபோது கடல் நீர்நாயைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். திமிங்கிலத்துக்கும் சீலுக்கும் இருக்கும் கொழுப்புப் படலம் அதற்கு இல்லை. முடிதான் எல்லாம். அடர்ந்த இடத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு லட்சத்துக்கும் மேல். ஆனால் அது பிறவியில் வாய்த்த கம்பளி என்று நினைக்காதீர்கள். ஓயாமல் கோதி, தேய்த்து, ஊதிக் காற்றை ஏற்றிக்கொண்டே இருந்தால்தான் தோல் நனையாது. தாய் தன் குட்டியை வயிற்றில் போட்டுக்கொண்டு மணிக்கணக்கில் நக்கிக் கோதுவாள். காற்று நிறைந்த அந்தக் குட்டி தக்கை போல மிதக்கும். முங்க நினைத்தாலும் முடியாது. பிறகுதான் அவள் நிம்மதியாக இரை தேடப் போவாள். இந்த உழைப்பை விட்டுவிட்டு ஒளியிழையை வியக்கிறோமே என்பதுதான் என் ஆதங்கம்.

1989இல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கப்பலின் எண்ணெய் கடலில் கொட்டியபோது நீர்நாய்களின் முடி சடையாக ஒட்டிக்கொண்டது. உள்ளே நீர் புகுந்து விறைத்துச் செத்தவை ஏராளம். பிடித்து வந்தவற்றைச் சோப்பு நீரால் கழுவினார்கள். சோப்பு அவற்றின் சொந்த எண்ணெய்ப்பசையையும் சேர்த்தே எடுத்துவிட்டது. முடி பழையபடி நீரைத் தள்ளும்வரை பல நாள் கரையிலேயே வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. அப்படியும் பல பிழைக்கவில்லை.