கட்டியை எப்படி வெளியே எடுப்பீர்கள், டாக்டர்?

கேள்வி: வயது 46. கர்ப்பப்பையில் 9 செ.மீ. ஃபைப்ராய்டு (புற்றுநோய் அல்லாத தசைக்கட்டி). லேப்ரோஸ்கோபியில் எடுத்துவிடலாம் என்கிறார் டாக்டர். "உள்ளே கேன்சர் ஒளிந்திருந்தால் வயிறு முழுக்கப் பரவிவிடும்" என்று நாத்தனார் பயமுறுத்துகிறார்.
— வாசகி, பெரம்பூர்

பதில்: நாத்தனார் சொல்வதில் விஷயம் இருக்கிறது. ஆனால் ஆபத்து, லேப்ரோஸ்கோபிக்காக வயிற்றில் போடும் சின்னத் துளையில் இல்லை. 9 செ.மீ. கட்டி அதன் வழியே வராது என்பதால், மார்சலேட்டர் என்ற சுழல்கத்திக் கருவியால் வயிற்றுக்குள்ளேயே அறுத்துத் துண்டு துண்டாக இழுப்பார்கள். ஃபைப்ராய்டு என்று நினைத்தது சார்கோமா என்ற தசைப் புற்றுநோயாக இருந்துவிட்டால், சிதறும் துணுக்குகளோடு நோயும் பரவும். ஃபைப்ராய்டு ஆபரேஷனுக்கு வரும் பெண்களில் சுமார் 350 பேரில் ஒருவருக்கு இப்படி மறைந்த சார்கோமா இருக்கலாம் என்று 2014இல் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ கணக்கிட்டது. அது மிகை என்று வாதிட்ட மருத்துவர்களும் உண்டு. அந்தச் சண்டை நமக்கெதற்கு? "கட்டியை எப்படி வெளியே எடுப்பீர்கள்?" என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். கட்டியை ஒரு பைக்குள் போட்டு, அதற்குள்ளேயே நறுக்கி எடுப்பேன் என்றால் நல்லது. 2020இல் எஃப்டிஏ சொன்னதும் அதுதான். பையும் கிழியலாம், கசியலாம். ஆபத்து குறையும், அவ்வளவே.

கேள்வி: ஸ்கேனிலேயே தெரியாதா?
— வாசகி, தாம்பரம்

பதில்: உறுதியாகத் தெரியாது. அல்ட்ராசவுண்டில் ஃபைப்ராய்டும் சார்கோமாவும் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். எம்.ஆர்.ஐ. சந்தேகத்தைக் கிளப்பும், தீர்ப்புச் சொல்லாது. சார்கோமா தசைக்குள் இருப்பதால், கர்ப்பப்பையின் உள்வரியில் (உட்புறச் சவ்வில்) துணுக்கு எடுத்துச் சோதிக்கும் பயாப்சிக்கும் பல சமயம் சிக்காது. அதற்காகப் பயாப்சியைத் தவிர்க்காதீர்கள். தாறுமாறான உதிரப்போக்கு இருந்தால், உள்வரிப் புற்றுநோயைக் கண்டுபிடிக்க அது வேண்டும்.

கேள்வி: அம்மாவுக்கு 58. பீரியட்ஸ் நின்று ஆறு வருடம். ஹார்மோன் மாத்திரை எதுவும் இல்லை. ஆனாலும் கட்டி வளர்கிறது.
— வாசகர், ஆவடி

பதில்: அந்த வயதில் ஃபைப்ராய்டு சுருங்க வேண்டும். வளர்ந்தால் துண்டு போடும் பேச்சே கூடாது. அறுக்காமல் முழுசாகத்தான் எடுக்க வேண்டும், வயிற்றைத் திறந்தாவது. தள்ளிப்போடாமல் பெண்கள் புற்றுநோய் நிபுணரைப் பாருங்கள். அடையாறு புற்றுநோய் மையத்திலும் கேட்கலாம். மார்பகப் புற்றுநோய்க்காக டமாக்ஸிஃபென் சாப்பிட்டிருந்தால், கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பயாப்சி ரிப்போர்ட் வாங்க வேண்டுமா?
— வாசகி, மயிலாப்பூர்

பதில்: கட்டாயம். டிஸ்சார்ஜ் சம்மரியில் "ஃபைப்ராய்டு" என்று எழுதியிருப்பது டாக்டர் கண்ணால் பார்த்தது. லேப் ரிப்போர்ட் சில நாள் கழித்துத்தான் வரும். தையல் பிரிக்கப் போகும்போது கையோடு வாங்கி, டாக்டரையே படித்துச் சொல்லச் சொல்லுங்கள்.