ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் இருட்டு!

கேள்வி: வீடு மாற்றும்போது குட்டி யானையில் ஏற்றிய கம்ப்யூட்டர் வழியில் சரிந்து விழுந்துவிட்டது. ஆன் செய்தால் ஃபேன் சுற்றுகிறது, லைட் எரிகிறது. மானிட்டரில் 'நோ சிக்னல்' என்று மட்டும் வருகிறது. மூன்றாம் தலைமுறை ஐ3, தனி கிராஃபிக்ஸ் கார்டும் உண்டு. கடைக்காரர் மூடியைத் திறக்காமலேயே, "மதர்போர்டு காலி, புதுசு வாங்கிடுங்க" என்கிறார். என் தையல் கடைக் கணக்கும் அப்பாவின் போட்டோக்களும் அதில்தான் இருக்கின்றன. என்ன செய்யலாம் சார்?
- வாசகி, கும்பகோணம்

பதில்: முதலில் போட்டோக்கள். அவை இருப்பது ஹார்ட் டிஸ்க்கில், மதர்போர்டில் இல்லை. போர்டு செத்தே போயிருந்தாலும் டிஸ்க்கை இன்னொரு கம்ப்யூட்டரில் மாட்டி எடுத்துக்கொள்ளலாம். டிஸ்க் ஓடாத நேரத்தில் விழுந்திருப்பதால் பிழைத்திருக்கும் வாய்ப்பு அதிகம். மாட்டும்போது 'டிக் டிக்' என்று சத்தம் கேட்டால் மட்டும் உடனே நிறுத்திவிடுங்கள். திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்ப்பதுதான் அப்போது ஆபத்து.

திறந்து பார்க்காமல் மதர்போர்டைக் குறை சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். விழுந்த மெஷின்களில் உடைந்தவற்றைவிடக் கழன்றுகொண்டவற்றைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். ஃபேன் சுற்றுவதை வைத்தும் எதையும் முடிவு செய்ய முடியாது. 12 வோல்ட் வந்தாலே அது சுற்றும். ப்ராசஸருக்குப் பக்கத்தில் 4 பின் அல்லது 8 பின் கொண்ட தனி பவர் கனெக்டர் ஒன்று இருக்கும். அது கழன்றிருந்தால் நீங்கள் சொல்கிற அதே அறிகுறிதான்: ஃபேன் ஓடும், படம் வராது. பவர் கேபிளைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு அதை அழுத்திப் பாருங்கள்.

அடுத்து கிராஃபிக்ஸ் கார்டு. வண்டி குலுங்கினால் முதலில் இடம் நகர்வது கனமான இந்தக் கார்டுதான். அதைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, மானிட்டர் கேபிளை மதர்போர்டிலேயே இருக்கும் போர்ட்டில் சொருகுங்கள். உங்கள் ஐ3-க்குள்ளேயே கிராஃபிக்ஸ் இருக்கிறது. கார்டு இல்லாமலே படம் வர வேண்டும்.

வரவில்லையென்றால் ரேம், அதாவது போர்டில் செங்குத்தாகச் சொருகியிருக்கும் நீளமான மெமரி பட்டை. இரண்டு பக்கக் கிளிப்பையும் விலக்கி வெளியே எடுங்கள். தங்க நிற விளிம்பைப் பிள்ளைகளின் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளைத் துணியால் துடையுங்கள். ஸ்லாட்டில் வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் உள்ளே போகும். இரண்டு ரேம் இருந்தால் ஒன்றை மட்டும் 'க்ளிக்' என்று கேட்கும்வரை அழுத்திப் போட்டுப் பாருங்கள். பிறகு மற்றதை.

இதிலும் சரியாகவில்லையா? இப்போது செய்வதுதான் முக்கியமான சோதனை. சென்னை ரிச்சி தெரு மாதிரி எலக்ட்ரானிக்ஸ் கடைகள் உள்ள இடங்களில் மதர்போர்டு பஸ்ஸர் (பீப் அடிக்கும் குட்டி ஸ்பீக்கர்) என்று கேட்டால் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். போர்டில் 'ஸ்பீக்கர்' என்று எழுதியிருக்கும் பின்களில் அதை மாட்டி, ரேம் எதுவுமே இல்லாமல் ஆன் செய்யுங்கள். விட்டு விட்டு 'பீப்' அடித்தால் சந்தோஷப்படுங்கள். ரேம் இல்லை என்று புகார் சொல்லும் அளவுக்கு ப்ராசஸரும் போர்டும் உயிரோடு இருக்கின்றன என்று அர்த்தம். பிரச்சினை பெரும்பாலும் ரேமிலோ கிராஃபிக்ஸ் பக்கத்திலோதான். அந்த போர்டைத் தூக்கிப் போட விடாதீர்கள்.

பீப்பே இல்லையென்றால், நல்ல நிலையில் உள்ள வேறொரு எஸ்எம்பிஎஸ்ஸை (கம்ப்யூட்டருக்குள் கரண்ட் கொடுக்கும் பெட்டி) மாட்டி, போர்டில் இருக்கும் நாணயம் போன்ற சிஆர்2032 பேட்டரியையும் சில நிமிடம் கழற்றி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸை நீங்கள் திறக்கவே கூடாது. ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம். ப்ராசஸரையும் தொட வேண்டாம். அதன் அடியில் போர்டில் இருக்கும் 1155 மெல்லிய பின்களில் ஒன்று வளைந்தாலும் இல்லாத பிரச்சினை வந்துசேரும்.

இத்தனைக்கும் அசையாவிட்டால் கடைக்காரர் சொன்னது சரிதான். அப்போதும் ஹார்ட் டிஸ்க்கை உங்கள் கையில் வாங்கிக்கொண்டு மற்றதை விடுங்கள்.

கேள்வி: கம்ப்யூட்டர் ஆன் ஆகும் சத்தம் கேட்கிறது, மானிட்டர் கறுப்பாகவே இருக்கிறது. டார்ச் அடித்தால் மங்கலாகப் படம் தெரிகிற மாதிரி இருக்கிறதே?
- வாசகர், தேனி

பதில்: நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள். கம்ப்யூட்டர் நன்றாகத்தான் இருக்கிறது. மானிட்டர் திரைக்குப் பின்னால் எரியும் பேக்லைட்டோ அதற்கு கரண்ட் கொடுக்கும் போர்டோ போயிருக்கிறது. சிபியுவைச் சுமந்துகொண்டு போக வேண்டாம், மானிட்டரை மட்டும் கொண்டுபோய்க் காட்டுங்கள்.