ஜெனீவாவில் கொரியா – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கொரியப் போர் பற்றிய கட்டுரையில் 1954 ஜெனீவா மாநாட்டை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். இந்தியாவுக்கு அங்கே இடம் கொடுத்திருந்தால் இரு கொரியாக்களும் இணைந்திருக்கும் என்பார் எங்கள் பேராசிரியர். அப்படியா?

ர., திருச்சி

அன்புள்ள ர.,

பேராசிரியரின் ஆதங்கம் நியாயமானது, முடிவுதான் எனக்கு ஒப்பவில்லை. 1953 ஜூலை 27 போர்நிறுத்த ஒப்பந்தத்தின் 60ஆம் பிரிவு, மூன்று மாதத்துக்குள் அரசியல் மாநாடு கூட்டச் சொன்னது. அதில் இந்தியாவைச் சேர்க்க ஐ.நா. அரசியல் குழுவில் 27 நாடுகள் வாக்களித்தன, எதிர்த்தவை 21. பொதுச்சபையில் மூன்றில் இரு பங்கு தேறாது என்று தெரிந்ததும் இந்தியா ஒதுங்கிக்கொண்டது. தென்கொரிய அதிபர் சிங்மன் ரீக்கு நம்மைக் கண்டாலே ஆகாது. போர்க்கைதிகளைக் காவல்காக்கப் போன இந்தியப் படையினர் தன் மண்ணில் கால்வைக்கக் கூடாது என்றார். இன்சோன் துறைமுகத்திலிருந்து அவர்களை ஹெலிகாப்டரில் ஏற்றி, ராணுவம் விலக்கப்பட்ட பகுதியில் இறக்க வேண்டியிருந்தது!

அந்த அரசியல் மாநாடுதான் கடைசியில் 1954இல் ஜெனீவாவில் கூடியது. அதற்கு வருவோம். தேர்தல் வேண்டும் என்பதில் இரு தரப்புக்கும் தகராறு இல்லை. நடத்துவது யார் என்பதில்தான். இரு தரப்பும் சேர்ந்த கொரிய ஆணையம் நடத்தட்டும், அந்நியப் படைகள் ஆறு மாதத்தில் வெளியேறட்டும் என்றார் வடகொரிய வெளியுறவு அமைச்சர் நாம் இல். அந்த ஆணையத்தில் ஒரு தரப்பு தலையாட்டாவிட்டால் எதுவும் நகராது. தெற்கிலோ வடக்கைவிட ஏறத்தாழ இரு மடங்கு மக்கள். எனவே மக்கள்தொகைக்கேற்ற இடங்கள், ஐ.நா. மேற்பார்வை என்று தெற்கு நின்றது. வடக்கோடு போரிட்ட படை பறக்கவிட்டதே ஐ.நா. கொடியைத்தான். அதை நடுவராக பியோங்யாங் எப்படி ஏற்கும்? பெட்டியைத் திறக்குமுன்பே முடிவு தெரிந்த தேர்தலுக்குத் தோற்கப்போகிறவன் கையெழுத்திட மாட்டான். ரீக்கும் அவசரமில்லை, அமெரிக்காவோடு பாதுகாப்பு ஒப்பந்தம் 1953 அக்டோபரிலேயே கையெழுத்தாகிவிட்டது.

நான் வருந்துவது கடைசி நாளுக்காக. ஜூன் 15 அன்று சீனாவின் சூ என்லாய் வெகுவாக இறங்கிவந்தார். அமைதித் தீர்வுக்கான முயற்சியைத் தொடர்வோம், மீண்டும் எப்போது, எங்கே கூடுவது என்பதைப் பிறகு பேசிக்கொள்வோம் என்று மட்டும் எழுதிக்கொள்ளலாம் என்றார். பெல்ஜியத்தின் ஸ்பாக்குக்கு அதில் மறுப்பில்லை. அமெரிக்காவின் பெடல் ஸ்மித் ஒத்துக்கொள்ளவில்லை. கொரியா பற்றிய பேச்சு அத்தோடு முடிந்தது.

அதே ஜெனீவாவில் இந்தோசீனப் பேச்சின்போது இந்தியாவின் கிருஷ்ண மேனன் அழைப்பில்லாமலே வந்து ஒவ்வொரு தூதுக்குழுவாகப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். கொரியா விஷயத்திலும் அவருக்கு முறையான இடம் இருந்திருந்தால் அந்த ஒரு வரியையாவது ஒப்பவைத்திருக்கலாம். நாட்டை இணைத்திருப்பார் என்று நான் நம்பவில்லை.