இரும்பு அலமாரியை வேலைமேசையாக்கலாமா?

கேள்வி: எங்கள் தரைவீட்டுக் கார் நிறுத்துமிடத்தில், போல்ட் இல்லாமல் மாட்டும் இரும்பு அலமாரி ஒன்று சும்மா நிற்கிறது. அகலம் 120, ஆழம் 45, உயரம் 180 செ.மீ. தட்டுக்கு 150 கிலோ தாங்கும் என்று அட்டையில் போட்டிருக்கிறது. ஆனால் அதன் மேல் வைத்து மரம் அறுத்தால் ஆடுகிறது. மரவேலை மேசையாக மாற்ற முடியுமா?
- வாசகர், ஈசூன்

பதில்: முடியும். அந்த 150 கிலோ, தட்டு முழுக்கச் சமமாகப் பரப்பி அசையாமல் வைக்கும் சுமைக்கான கணக்கு. அறுப்பதும் இழைப்பதும் பக்கவாட்டில் தள்ளும் வேலை. காலின் சாவித்துளை வடிவத் துளைகளில் மாட்டிய சட்டக் குமிழ் ஒவ்வொன்றிலும் இம்மி தளர்வு உண்டு. எல்லாம் சேரும்போது செவ்வகம் சாய்ந்துகொடுக்கிறது. ஆகவே மேல்பலகைக்குப் பணம் கொட்டும் முன் சட்டகத்தை இறுக்குங்கள்.

கால்கள் பெரும்பாலும் 90 செ.மீ துண்டுகள் இரண்டாக இருக்கும், கீழ்ப்பாதி போதும். கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது மணிக்கட்டு இருக்கும் உயரமே மேசைக்குச் சரி. அதில் மேல்பலகையின் தடிமன் 3.6 செ.மீ கழித்தால் காலின் நீளம். நறுக்க வேண்டுமென்றால் அங்குலத்துக்கு 24 பல் உள்ள ஹேக்ஸா பிளேடு வாங்குங்கள். மேல் சட்டம் காலின் நுனியோடு சமமாக உட்காரும்படி துளைகளை எண்ணி வெட்டுங்கள். வெட்டிய விளிம்பை அரம் போட்டு, துத்தநாகப் பெயிண்ட் பூசாவிட்டால் நம் ஊர் ஈரத்தில் சீக்கிரம் துருவேறும்.

இப்போது ஆட்டம். பின்பக்கம் இரு கால்களுக்கும் குறுக்கே, 12 மி.மீ பிளைவுட் பலகையைக் குறைந்தது 30 செ.மீ உயரத்துக்கு வைத்து, ஒரு காலுக்கு நான்கு எம்6 (6 மி.மீ) போல்ட், அகல வாஷர், நைலான் லாக் நட் போட்டு முடுக்குங்கள். இது இடவல ஆட்டத்தைத்தான் நிறுத்தும். முன்பின் ஆட்டத்துக்கு இரு பக்கங்களிலும் இதேபோல் பலகை வேண்டும். பலர் இதை விட்டுவிட்டு, அப்புறம் மேல்பலகையைக் குறை சொல்கிறார்கள். மேல் சட்டங்களின் நான்கு மூலையிலும் காலோடு சேர்த்துத் துளையிட்டு ஒவ்வொரு எம்6 போல்ட் போடுங்கள். இல்லாவிட்டால், முன்விளிம்பை ஓங்கி அழுத்தினால் பின்சட்டம் மேலெழும்பிக் கழன்றுகொள்ளும்.

மேல்பலகைக்கு 18 மி.மீ பிளைவுட், 122 × 50 செ.மீ அளவில் இரண்டு. 4 × 8 அடிப் பலகையில் பாதி போதும். கடையிலேயே அறுத்துத் தரச் சொல்லுங்கள். மரப்பசையை முழுப்பரப்பிலும் தடவி, 30 மி.மீ திருகுகளை 20 செ.மீ இடைவெளியில் கீழிருந்து ஏற்றுங்கள். மேலிருந்து ஏற்றினால் பிறகு இழைப்புளி அதில் மோதும். மொத்த எடை சுமார் 13 கிலோ வரும். முன்பக்கம் 4 செ.மீ நீட்டிவைத்தால் கிளாம்ப் பிடிக்க இடம் கிடைக்கும்.

சட்டத்தின் உள்விளிம்பு சற்றுத் தாழ்ந்திருக்கும். பழைய தட்டோடு மெல்லிய பிளைவுட் துண்டு சேர்த்து அந்தப் பள்ளத்தைச் சமன்செய்து, கீழிருந்து 40 மி.மீ திருகால் பிணையுங்கள். பாலியுரித்தேன் வார்னிஷை ஆறு முகங்களுக்கும் பூசுங்கள். மேல்முகத்துக்கு மட்டும் பூசினால் அடிப்பக்கம் ஈரம் குடித்துப் பலகை வளையும்.

கார் நிறுத்துமிடத் தரை, தண்ணீர் வடியச் சரிந்திருக்கும். நீர்மட்டக் கருவி வைத்துப் பார்த்துக் கால்களுக்கு அடியில் தகடு கொடுங்கள்.

கேள்வி: இதே மேசையில் 4 அங்குல பெஞ்ச் வைஸை (பொருளை இறுகப் பிடிக்கும் கருவி) எங்கே பொருத்துவது? எங்களுடையது வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடு.
- வாசகி, தெம்பனிஸ்

பதில்: முன்காலுக்கு நேர் மேலே, எம்10 போல்ட்டால், அடியில் பிளைவுட் துண்டு கொடுத்து. நடுவில் வைத்தால் ஒவ்வோர் அடிக்கும் பலகை அதிரும். கால்களின் கீழ் 10 மி.மீ ரப்பர் துண்டு வையுங்கள். கீழ்வீட்டாருக்குச் சத்தம் குறையும். என்றாலும் சுத்தியல் வேலையைப் பகலிலேயே முடித்துவிடுங்கள்.