பழைய குளிர்பெட்டிக்குப் புதிய காஸ்

கேள்வி: எங்கள் கோவில் சமையலறையில் ஆர்-12 காஸில் ஓடும் பழைய குளிர்பெட்டி ஒன்று இருக்கிறது. தைப்பூசக் காவடிக்கு வரும் பாலை அதில்தான் வைப்போம். இப்போது குளிர் ஏறவில்லை. 134ஏ காஸை நிரப்பினால் போதும் என்கிறார் ஒரு மெக்கானிக். சமையல் காஸே நன்றாக வேலை செய்யும், செலவும் குறைவு என்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது?
– கோவில் குழு உறுப்பினர், டோங்காட், தென்னாப்பிரிக்கா

பதில்: இருவர் சொல்வதையும் அப்படியே ஏற்க வேண்டாம். மூடிய குழாய்களுக்குள் சுற்றி வரும் காஸ் ஓட ஓடத் தீர்ந்துபோவதில்லை; குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. நைட்ரஜனை அழுத்தத்துடன் ஏற்றி, இணைப்புகளில் சோப்பு நீர் தடவிப் பார்த்து, முதலில் அந்த இடத்தை அடைக்க வேண்டும். கடற்காற்று வீசும் உங்கள் ஊரில், பின்புறக் கண்டென்சரின் (வெப்பத்தை வெளியேற்றும் குழாய்த் தொகுதி) இரும்புக் குழாய் துருப்பிடித்திருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். கசிவு பெட்டிச் சுவருக்குள் குளிரைக் காக்கும் நுரைக்குள் இருந்தால், பழுதுபார்க்கும் செலவு பெரும்பாலும் வீண்.

ஓசோன் படலத்தைக் காக்க 1987-இல் ஏற்பட்ட மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி ஆர்-12 கைவிடப்பட்டதால், மாற்றுக் காஸ் தேவை என்பது உண்மைதான். ஆனால் காஸை அழுத்திச் சுற்ற வைக்கும் பழைய கம்ப்ரஸரில் இருக்கும் கனிம எண்ணெய் 134ஏ காஸோடு கலக்காது. கலக்காத எண்ணெய் கம்ப்ரஸருக்குத் திரும்பாமல் குழாய்களிலேயே தங்கிவிடும். உள்ளே உராய்வு கூடி, கம்ப்ரஸர் சீக்கிரமே பழுதாகும். ஆகவே கம்ப்ரஸரைக் கழற்றிக் கவிழ்த்து எண்ணெயை வடித்து, அளந்து, 134ஏ காஸோடு கலக்கும் பாலியோல் எஸ்டர் என்ற செயற்கை எண்ணெயை அதே அளவு ஊற்ற வேண்டும். வடித்த எண்ணெயைக் கண்ணாடிக் குவளையில் ஏந்திப் பாருங்கள். தெளிவாக இருந்தால் நம்பிக்கையோடு தொடரலாம். கறுத்து, தீய்ந்த வாடை வீசினால் மோட்டார் சுருள் எரிந்திருக்கிறது, அந்தக் கம்ப்ரஸருக்காக மேலும் செலவழிக்க வேண்டாம்.

புதிய எண்ணெய் காற்றின் ஈரத்தை விரைவாக உறிஞ்சும் என்பதால், அதன் டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு வேறு வேலை பார்ப்பவரிடம் பொறுப்பைக் கொடுக்காதீர்கள். 134ஏ காஸுக்கு ஏற்ற ஃபில்டர் டிரையரை (ஈரத்தையும் தூசியையும் பிடிக்கும் வடிகட்டி) புதிதாகப் பற்றவைத்து, வேக்யூம் பம்பால் ஈரத்தையும் காற்றையும் முழுமையாக வெளியேற்றிய பிறகே காஸை ஏற்ற வேண்டும். தராசில் எடைபோட்டு, முன்பிருந்த ஆர்-12 எடையில் ஏறத்தாழ 90 விழுக்காட்டோடு தொடங்குவது வழக்கம்: 300 கிராம் இருந்த இடத்தில் 270 கிராம். ஐஸ் உறைய வைக்கும் பெட்டியில் 134ஏ சற்றுப் பின்தங்கும். பால் வைக்கும் 4 டிகிரிக்குத் தாராளமாகப் போதும்.

சமையல் காஸை உங்கள் பெட்டியில் ஏற்ற ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். புதிய வீட்டுக் குளிர்பெட்டிகளில் சமையல் காஸைப் போலவே எரியக்கூடிய ஐசோபியூட்டேன் இருப்பது உண்மை. ஆனால் அவற்றில் காஸின் அளவு 150 கிராமுக்குள் அடங்கும், சுவிட்சுகளும் தீப்பொறி காஸை எட்டாதபடி அமைக்கப்பட்டிருக்கும். உங்களுடையதிலோ தெர்மோஸ்டாட்டும் கதவு விளக்கின் சுவிட்சும் உள்ளேயே பொறி தட்டும். கசிந்த காஸ் காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு படியும். பக்கத்தில் அன்னதானத்துக்கு அடுப்பு எரியும் இடத்தில் இந்த ஆபத்தை ஏற்கவே கூடாது.

வேலைக்கு வருபவரிடம், தென்னாப்பிரிக்காவில் காஸ் வேலை செய்வோரைப் பதிவு செய்யும் அமைப்பான எஸ்.ஏ.கியூ.சி.சி. காஸ் தரும் பதிவு அட்டையைக் கேட்டுப் பாருங்கள். மிச்சமிருக்கும் ஆர்-12 காஸை வெளியில் விடாமல் சிலிண்டரில் பிடிக்கச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் காஸின் பெயர், எடை, எண்ணெயின் வகை ஆகியவற்றை எழுதிப் பெட்டியின் பின்புறம் ஒட்டச் செய்து, காவடிக்கு ஒரு வாரம் முன்பே ஒரு பாத்திரம் தண்ணீரையும் தெர்மாமீட்டரையும் உள்ளே வைத்து ஓடவிட்டுப் பாருங்கள்.