விதிமுறைகளை அளவுக்கு மீறிப் பின்பற்றுவதைக் கேலி செய்யும் சிறந்த நகைச்சுவைப் படம் எது?

கியூபாவில் 1966-இல் தோமாஸ் குத்தியெரெஸ் அலெயா இயக்கிய 'ஒரு அதிகாரியின் மரணம்' என்ற கறுப்பு வெள்ளைப் படத்தையே நான் தயங்காமல் சொல்வேன்.

விடுதலை வீரர் ஹொசே மார்த்தியின் மார்பளவுச் சிலைகளை வரிசையாகச் செய்து தள்ளும் இயந்திரம் ஒன்றைக் கண்டுபிடித்த தொழிலாளி, அதே இயந்திரத்தில் சிக்கி இறந்துபோகிறார். முன்மாதிரித் தொழிலாளி என்பதால், அவருடைய தொழிலாளர் அடையாள அட்டையையும் மரியாதையின் பொருட்டு உடலோடு புதைத்துவிடுகிறார்கள். அந்த அட்டையைக் காட்டினால்தான் குடும்ப ஓய்வூதியம் கிடைக்கும் என்று கைம்பெண்ணிடம் சொல்லும்போதுதான் வில்லங்கம் தொடங்குகிறது. அடக்கம் செய்து இரண்டு ஆண்டுகள் ஆகாமல் உடலைத் தோண்ட விதி இடம் தராததால், வேறு வழியின்றி இறந்தவருக்கு மருமகன் முறையாகும் உறவுக்கார இளைஞன் இரவோடு இரவாக ஆள் வைத்துத் தோண்டுகிறான். அட்டை கிடைத்துவிடுகிறது, சவப்பெட்டியோ வெளியே நின்றுவிடுகிறது.

இங்கிருந்துதான் படத்தின் உண்மையான வேடிக்கை. மீண்டும் புதைக்கப் போனால், பதிவேட்டின்படி அவர் ஏற்கெனவே புதைக்கப்பட்டவர், புதைக்கப்பட்டவரை மறுபடி எப்படிப் புதைப்பது என்று கல்லறை நிர்வாகி கேட்கிறார். உடல் வெளியே இருப்பதை ஏற்க வேண்டுமானால் தோண்டியெடுப்பதற்கான ஆணை வேண்டும். அந்த ஆணைக்காக அந்த இளைஞன் அலுவலகம் அலுவலகமாக, முத்திரை முத்திரையாக அலைகிறான். அதற்குள் வீட்டில் கிடக்கும் உடலைத் தேடிக் கழுகுகளே வந்துவிடுகின்றன.

கவனித்துப் பார்த்தால், அலைக்கழிக்கும் அதிகாரிகளின் வாதம் ஒவ்வொன்றும் அவரவர் விதிப்புத்தகத்தின்படி சரியாகவே இருக்கிறது. லஞ்சம் கேட்கும் அதிகாரியைக் காட்டியிருந்தால் நாம் அவரைத் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்போம். அலெயா அந்த வசதியை நமக்குத் தரவில்லை. இத்தனைக்கும் இது அரசின் திரைப்பட நிறுவனமே தயாரித்த படம். புரட்சி நடந்து ஏழே ஆண்டுகளில், புரட்சி அரசின் அலுவலகங்களையே இவ்வளவு உரிமையோடு கிண்டல் செய்திருக்கிறார்கள். தொடக்கப் பெயர்ப்பட்டியலைக்கூட அரசாணை நடையில் தட்டச்சு செய்து, அதிலேயே பழைய ஹாலிவுட் நகைச்சுவை நடிகர்களான லாரல்-ஹார்டி, பஸ்டர் கீட்டன் முதலியோருக்கு நன்றியும் தெரிவிக்கிறார்கள்.

குறை இல்லாமல் இல்லை. கல்லறை வாசலில் நடக்கும் அடிதடிக் காட்சி, லாரல்-ஹார்டிக்குச் செலுத்தும் மரியாதை என்றாலும், எனக்கு நீளமாகவே பட்டது. முடிவில் பொறுமையிழந்த மருமகன் அந்த நிர்வாகியின் கழுத்தை நெரித்துவிடுகிறான் (தலைப்பே சொல்லிவிட்டதால், கதையை உடைத்துவிட்டேன் என்று யாரும் கோபிக்க வேண்டாம்). மாமாவுக்கு இத்தனை பாடு படுத்திய அதே கல்லறையில், நிர்வாகியின் நல்லடக்கம் மட்டும் எந்தத் தடங்கலும் இல்லாமல் நடந்தேறுகிறது.